வலது கை எழுதாமல் போன மாதங்கள்

மனநல வாட்டில் நான் இருபத்திரண்டு நாட்கள் இருந்தேன். ஊரில் இதை நேராகச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டாரும் அப்போது, கைக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறாள் என்றுதான் கேட்டவர்களுக்குச் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. கந்தோரில் உட்கார்ந்து மற்றவர்களின் இழப்பை எழுதிக்கொண்டிருக்கிற யாராவது இதை வாசித்தால், நான் போன தூரம் போகாமல் முன்னமே ஒருவரிடம் வாய் திறக்கட்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் பெயர் யோகேஸ்வரி. ஊர் குருக்கள்மடம். கல்முனை வீதியில் உள்ள ஓர் அரச கந்தோரில் பிறப்பு இறப்புப் பதிவுக் கிளையில் எழுதுநராக இருந்தேன். என் கணவர் தேவராசா மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் ஓடுகிற பஸ்ஸில் கொண்டக்டர். எங்களுக்கு ஒரே மகள், வினோதா.

சுனாமி வந்த அன்று நாங்கள் மூவரும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு உறவினர் வீட்டில் இருந்தோம். அதனால் தப்பினோம். நாலாம் நாள் கந்தோர் திறந்தபோது வாசலுக்கு வெளியே வீதி வரை சனம் நின்றது. உடல் கிடைத்தவர்கள் ஒரு வரிசை, கிடைக்காதவர்கள் ஒரு வரிசை. நான் எழுதத் தொடங்கினேன். பெயர், வயது, தொழில், தகவல் தருபவரின் உறவுமுறை. மத்தியானம் சாப்பிட எழும்பினால் வரிசையில் நிற்பவர்களைத் தாண்டிப் போக வேண்டும். அதனால் எழும்பாமலே இருந்து பழகினேன்.

எங்கள் கிளைக்குப் பொறுப்பான பிரதம இலிகிதர் சிவபாலன் சேர். அவருடைய மனைவியைக் கடல் கொண்டுபோனது. ஒன்பதாம் நாள் அவர் கந்தோருக்கு வந்தார். வந்தவர் தன் கதிரைக்குப் போகவில்லை. மற்றவர்களைப் போல வரிசையில் நின்று, முறை வந்ததும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று விபரம் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எழுதினேன். கையொப்பம் வைத்தார். பிறகு மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, தன் கதிரையில் உட்கார்ந்து, ஒரு கடதாசிக் கோவையை எடுத்து விரித்தார். அதன் பிறகு ஏழு வருடத்தில் ஒரு நாளும் அவர் மனைவியைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

உடல் கிடைக்காதவர்களின் வீட்டார் கையொப்பம் வைக்கத் தயங்குவார்கள். மரணப் பத்திரம் இல்லாவிட்டால் உதவி எதுவும் கிடைக்காது. அவர்களைச் சம்மதிக்க வைப்பது என் வேலையானது. அதற்கு நான் ஒரு வசனம் வைத்திருந்தேன். "எழுதி வைப்பம். ஆள் வந்தா பேர வெட்டிவிடலாம்." எத்தனை பேரிடம் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அப்படிச் சொல்லிக் கையொப்பம் வாங்கியவர்களில் ஒரு கரைவலைக்காரர் இருந்தார். மகளைப் பறிகொடுத்தவர். அவர் ஒவ்வொரு புதன்கிழமையும் வந்து, மேசைக்கு முன்னால் நின்று, "மகள் வந்தா வெட்டுவீங்கதானே" என்று கேட்பார். ஓம் என்பேன். போய்விடுவார். இரண்டு வருடம் வந்தார். கந்தோரில் அவரை என்னுடைய புதன்கிழமை ஆள் என்று பகிடி பண்ணினார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் வருவது நின்றுபோனது.

இடையில் படுவான்கரையிலும் வாகரையிலும் சண்டை வந்தது. சனம் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்தபோது பள்ளிக்கூடங்களில் இருந்தவர்களின் பெயர்களைப் போய் எழுதினோம். எழுதிய குடும்பங்களில் ஆட்கள் குறையக் குறைய மறுபடியும் எழுதினோம். ஒரு கட்டத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் வந்து என்ன சொன்னாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. வேலை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மேலிடத்தில் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள்.

ஒரு தை மாதம் மகள் தன் பாடக் கொப்பிகளைக் கொண்டுவந்து, உறைகளில் பெயர் எழுதித் தரச் சொன்னாள். என் எழுத்து அழகென்று அவளுக்குப் பெருமை. நான் எழுதவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். உண்மை என்னவென்றால், அவளுடைய பெயரை என் கையால் எழுதினால் அவளுக்கு ஏதாவது நடந்துவிடும் என்று பயந்தேன். இப்படி ஒரு பயம் வந்திருப்பதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவள் தானே எழுதிக்கொண்டாள்.

போர் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின், போரில் காணாமல் போனவர்களுக்கும் மரணப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்தது. மறுபடியும் வரிசை. ஒருநாள் வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தார். மகனைப் பதினேழு வயதில் இயக்கம் பிடித்துக்கொண்டுபோனது. சண்டை முடிந்தும் தகவல் இல்லை. கிராம சேவகரின் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மகள், நான் அவன் செத்துப்போனானெண்டு சொல்ல வரல்ல. கடதாசி வேணுமெண்டாங்க. அதுக்குத்தான் வந்தன்."

நான் தலை நிமிராமல், "எழுதி வைப்பம் அம்மா. வந்தா வெட்டிவிடலாம்" என்றேன்.

பெயரின் முதல் இரண்டு எழுத்தை எழுதினேன். மூன்றாம் எழுத்துக்குக் கை போகவில்லை. பேனை விரலிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே என் கை இல்லை என்பதுபோல இருந்தது. சிவபாலன் சேர் என் பேனை எழுதவில்லை என்று நினைத்து, தன் பேனையைத் திறந்து நீட்டினார். அதையும் பிடிக்க முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து மீதியைத் தானே எழுதி முடித்தார்.

பாரிசவாதம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கணவர் அன்றைய ட்ரிப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து, என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வெளிநோயாளர் பகுதியில் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த நேரம் முழுவதும் என் வலது கையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். பார்க்கட்டும் என்றார்.

மருத்துவ வாட்டில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், சீனி பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். சிறு சுத்தியலால் முழங்காலிலும் முழங்கையிலும் தட்டினார்கள். நரம்பு சரியாக இருந்தால் தட்டும்போது கை தானாகத் துள்ளும். என் கை துள்ளியது. மூளையைப் படம் பிடிக்க அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கதவு திறக்கும், ஒரு முகம் எட்டிப் பார்க்கும், கதவு மூடும். மூளையில் கட்டி இருக்குமோ என்று நான் பயப்படவில்லை. இருந்தால் நல்லது என்று நினைத்தேன். ஒரு காரணம் கிடைக்கும். படத்தில் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்த மறுநாள் பகல் நான் அயர்ந்து தூங்கியபோது, என் வலது கை எழும்பிக் கன்னத்தில் இருந்த நுளம்பை அடித்திருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த மிஸ்ஸி அதைப் பார்த்து என் நோய்க்குறிப்பு ரிக்கற்றில் எழுதிவிட்டா. டொக்டர் வந்து அதைச் சொன்னபோது களவு பிடிபட்டவள்போல எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் நடிக்கவில்லை என்று சொல்லி அழுதேன். சுனாமிக்குப் பிறகு நான் அழுதது அன்றுதான்.

மனநல டொக்டரை அனுப்பினார்கள். சிங்கள ஆள். தமிழைப் படித்துப் பேசுகிறவர், ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் பேசினார்.

"நீங்க நடிக்கல்ல. எனக்குத் தெரியும். கை நல்லா இருக்கு, நரம்பு நல்லா இருக்கு. ஆனா நீங்க கைக்குச் சொல்லுறது கைக்குப் போய்ச் சேரல்ல. மனசு தாங்க ஏலாம இருந்தா அப்பிடி நடக்கும். காய்ச்சல் மாதிரி இதும் ஒரு வருத்தந்தான். சுகமாகும்."

அதோடு கடுமையான மனச்சோர்வும் இருக்கிறது என்றார். மனச்சோர்வென்றால் கவலை என்று மட்டும் நினைத்திருந்தேன். சாப்பாடு இறங்காததும், விடியுமுன் விழித்துக்கொள்வதும், எதைக் கேட்டாலும் உள்ளே மரத்துக் கிடந்ததும் அதற்குள் அடங்கும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். மனநல வாட்டுக்கு மாறச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வேலை போய்விடும், மகளைக் கட்டிக்கொடுக்கும்போது கேட்பார்கள் என்றெல்லாம் சொன்னேன். கணவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கை எழுதாட்டியும் பரவாயில்ல. நீங்க எங்களோட கதைச்சு எவ்வளவு காலம், யோகம்? அதுக்காகப் போங்க" என்றார். அன்று பின்னேரம் மாறினேன்.

அந்த வாட்டைப் பற்றி ஊரில் சொல்லும் கதைகள் எதுவும் அங்கே இல்லை. சங்கிலியும் இல்லை, கூச்சலும் அதிகம் இல்லை. தன் படுக்கை விரிப்பை மடித்து மடித்து வைக்கும் ஒரு டீச்சர் இருந்தா. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு இளம் பெண் இருந்தாள். மாத்திரை தொடங்கிய முதல் கிழமை வாய் வறண்டது. பகலெல்லாம் தூக்கம். நல்ல பக்கம் தெரிய மூன்று கிழமையாவது ஆகும், கெட்ட பக்கம் முதல் நாளே வரும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தா. தினமும் பத்து மணிக்கு ஒரு றப்பர் பந்தைக் கையில் தந்து அமுக்கச் சொல்வார்கள். பந்து உருண்டு விழும். எடுத்துத் தருவார்கள். மறுபடி விழும்.

கணவரின் பஸ் டவுனுக்கு வந்து திரும்ப இருபது நிமிடம் இருக்கும். பஸ் ஸ்ராண்டிலிருந்து ஓடி வந்து, வியர்வையோடு சாப்பாட்டுப் பார்சலைத் தந்துவிட்டு, மீனில் முள் எடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடுவார். இடது கையால் சாப்பிடுகிறவளுக்கு முள் எடுக்க முடியாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் சிவபாலன் சேர் வந்தார். மனநல வாட்டின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. மருத்துவ லீவுப் படிவம் கொண்டுவந்திருந்தார். எனக்குக் கையொப்பம் வைக்க முடியாதே என்றேன். அவர் சேட்டுப் பையிலிருந்து கந்தோர் மைப்பெட்டியை எடுத்தார். என் இடது பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி, படிவத்தில் வைத்து அமுக்கினார். எழுதத் தெரியாத எத்தனையோ பேரின் விரலை நான் அப்படிப் பிடித்து அமுக்கியிருக்கிறேன். என் விரலை ஒருவர் பிடிப்பது அதுதான் முதல் தடவை. பிறகு தன் லேஞ்சியால் மையைத் துடைத்துவிட்டார்.

"கிளைய நான் பாக்கிறன். நீங்க ஒண்டும் யோசிக்காதங்க. பைலில கைக்கு வருத்தமெண்டு மட்டும் போடுவம். வாட்டுட பேர் வேணாம்."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அவர் போனபிறகு, பெயர் சொல்லக்கூடாத இடத்தில் இருக்கிறேன் என்பது எனக்கு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

டொக்டர் தினமும் அரை மணித்தியாலம் பேசுவார். பதினைந்தாம் நாள்தான் நான் கரைவலைக்காரரைப் பற்றிச் சொன்னேன். அவர் வருவது நின்றுபோனது என்று மேலே எழுதினேன். அது முழு உண்மை இல்லை. கடைசியாக வந்த புதன்கிழமை அவரை யன்னலால் கண்டதும் எழும்பிப் பின்னறைக்குள் போய்விட்டேன். நான் லீவு என்று சொல்லச் சொல்லிப் பியோனிடம் சொன்னேன். அவர் வாங்கில் உட்கார்ந்தார். கந்தோர் பூட்டும்வரை அவர் போகவில்லை. நானும் வெளியே வரவில்லை. பழைய கோவைகளுக்கு நடுவே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் வரவே இல்லை. என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் அவருடைய பெயரையும் எழுத வேண்டி வருமோ என்று பயந்தேன்.

இதை அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. டொக்டர், கந்தோரில் இப்படியானவற்றை யாரோடு பேசுவீர்கள் என்று கேட்டார். யாரோடும் இல்லை என்றேன். இத்தனை வருடமுமா என்றார். ஓம் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். என்னை ஒருநாளும் உங்கள்மேல் பிழையில்லை என்று அவர் சமாதானப்படுத்தவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பந்து என் கையில் கொஞ்ச நேரம் நின்றது. அதற்குப் பிறகும் ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் விழும். வீட்டுக்குப் போன பிறகே பேனையால் கோடு கீறினேன். எழுத்து வர மாதங்கள் ஆயின. முதலில் வந்தது நாலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து.

ஏழாம் மாதம் கந்தோருக்குத் திரும்பினேன். மேசையிலிருந்த பேனாக்கத்தியை யாரோ எடுத்து ஒளித்து வைத்திருந்தார்கள். பக்கத்து மேசைக்காரி என்னோடு பேசும்போது குழந்தைக்குச் சொல்வதுபோல இழுத்து இழுத்துப் பேசினாள். என் மேசை வேலையை ஏழு மாதமும் வேறு யாருக்கும் கொடுக்காமல் சிவபாலன் சேரே செய்திருந்தார். பதிவேட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக அவருடைய எழுத்து. அவர் மெலிந்திருந்தார். சேட்டுக் கழுத்து அகன்று நின்றது.

டொக்டர் தந்த கடிதத்தை மேலதிகாரியிடம் கொடுத்தேன். புதிதாக வந்திருந்த இளம் பெண். மரணப் பதிவில் ஒரே ஆளைத் தொடர்ந்து வைக்க வேண்டாம் என்றும், கிளினிக் நாளில் அரைநாள் விட வேண்டும் என்றும் கடிதத்தில் இருந்தது. அவர் வாசித்துவிட்டு, வேறு என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்று என்னையே கேட்டார். பதினாறு வருட வேலையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த மேசையில் இரண்டு பேர் இருக்கட்டும் என்றேன். ஒரு மாதத்துக்கு மேல் யாரும் தொடர்ந்து இருக்க வேண்டாம் என்றேன். மாதம் ஒருமுறை டொக்டர் இங்கே வந்தால் நல்லது என்றேன். அவர் மூன்றையும் எழுதிக்கொண்டார்.

சிவபாலன் சேர்தான் மறுத்தார். "இது வெளியில தெரிஞ்சா கந்தோரே விசரெண்டுவாங்க. எல்லாருக்கும் நடந்ததுதான். எல்லாரும் வேல செய்யிறந்தானே" என்றார். ஆனாலும் அது நடந்தது. முதல் மாதம் டொக்டர் வந்து கூட்ட அறையில் தனியே இருந்துவிட்டுப் போனார். இரண்டாம் மாதம் நான் மட்டும், எல்லோரும் பார்க்கும்படி கதவைத் திறந்து உள்ளே போனேன். பிறகு ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து, சொந்தக்காரர் ஒருவருக்காக என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் கிளினிக் எந்த நாள் என்று கேட்டார்கள். யாருடைய சொந்தக்காரர் என்று நான் கேட்கவில்லை. சிலர் போனார்கள். எங்கள் கிளையில் இருந்த ஒரு பொடியன் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போனான். போகுமுன் என்னிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஒரு கிளினிக் நாள் வாங்கில் இருந்தபோது, தூரத்தில் சிவபாலன் சேர் இருப்பதைக் கண்டேன். என்னைக் கண்டதும், சீனி வருத்தத்துக்கு வந்தேன் என்றார். அந்தக் கிளினிக் அடுத்த கட்டிடத்தில். நான் சரி என்றேன். அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டபோது எழும்பி வாசலால் வெளியே போய்விட்டார். அடுத்த மாதமும் வந்தார், அப்போதும் போய்விட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டதும் எழும்பி நின்று, "நீங்களும் வாறீங்களா" என்றார்.

உள்ளே டொக்டர் பெயரைக் கேட்டார். சேர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நான் பெயரைச் சொன்னேன். எங்கள் பிரதம இலிகிதர் என்றேன். மனைவி சுனாமியில் மோசம் போனார், அந்த மரணத்தை நான்தான் பதிந்தேன் என்றேன்.

அவர் டொக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "அவளுக்கு முப்பத்தெட்டு வயசு. நான் உங்களுக்கு நாப்பதெண்டு சொல்லிப்போட்டன். அங்கால வந்து கதிரையில இருந்த உடன விளங்கிற்று. எழும்பி வந்து சொல்ல ஏலாமப் போச்சு. ஒவ்வொரு நாளும் அந்தப் பதிவுப் புத்தகம் என்ர அலுமாரியிலதான் கிடந்தது."

அதைச் சொல்லி முடித்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழும்பி வெளியே வந்தேன். அவர் வரும்வரை வாங்கில் காத்திருந்தேன்.

அவர் இன்னும் மாத்திரை எடுக்கிறார். நல்ல சுகம் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அப்படித்தான். தொடர்ந்து எழுதினால் பின்னேரத்தில் கை கனத்துப்போகும். அன்றைக்கு நிறுத்திவிடுவேன்.

அந்தக் கிளினிக் முடிந்த அடுத்த திங்கட்கிழமை அவர் திருத்த விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மனைவியின் வயதைச் சரியாக எழுதியிருந்தார். பிழை ஏற்பட்ட காரணம் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். நான் பேனையை எடுத்து, தகவல் தந்தவர் அன்று சுகமில்லாமல் இருந்தார் என்று எழுதினேன். அவர் அதைக் குனிந்து வாசித்தார். பிறகு கீழே கையொப்பம் வைத்தார்.